கிறிஸ்துமஸ் சாமான்களுக்காக நியூரி வரை போவது கட்டுமா?

லூக்கன் குடும்பத்தலைவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டப்ளினுக்கு மேற்கே லூக்கனில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். டிசம்பர் பிறந்துவிட்டால் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் யாராவது ஒருவர், ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த வட அயர்லாந்துக்குப் போய்க் கார் நிறையச் சாமான்கள் வாங்கி வந்ததையும், எல்லாமே பாதி விலைக்குக் கிடைத்ததையும் சொல்லாமல் இருப்பதில்லை. இந்த ஆண்டு செலவு கையைக் கடிக்கிறது என்பதால், நாங்களும் ஒரு சனிக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள நியூரி நகருக்குப் போய் வரலாமா என்று யோசிக்கிறோம்.

எங்கள் பட்டியல் இதுதான்: பன்னிரண்டு வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் புதுத் துணிகள், மகளுக்கு ஒரு டேப்லெட், செயற்கை மரம், விளக்குச் சரங்கள், விளையாட்டுப் பொருள்கள், வீட்டுக்கு வருபவர்களுக்குக் கேக், சாக்லேட் பெட்டிகள், கணவரின் அலுவலக நண்பர்களுக்குச் சில வைன் பாட்டில்களும் ஒரு விஸ்கியும். மொத்தம் ஏறக்குறைய 1,000 யூரோ ஆகும். நாகர்கோவிலிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் என் மாமியாரும் உடன் வருவார்கள். ஊரில் கிறிஸ்துமஸ் இரவன்று வெடி போட்ட நினைவில் மகன் வெடியும் கேட்கிறான்.

எல்லையில் சுங்கச் சோதனை இருக்குமா, எந்தப் பொருளில் உண்மையாகவே விலை குறைவு என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இந்த நாட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்து நாட்டில் கொண்டுபோய்ச் செலவழிப்பது சரிதானா என்ற சிறு உறுத்தலும் எனக்கு உண்டு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி, பாதி விலை என்பது திரும்பி வந்தவர்கள் சொல்லும் பேச்சு. மலிவாகக் கிடைத்த இரண்டு பொருள்களைச் சொல்வார்களே தவிர, அங்கே போனதால் தேவையில்லாமல் வாங்கிய பத்துப் பொருள்களைச் சொல்லமாட்டார்கள். நான் இரண்டு ஆண்டுகள் பில்களை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகும் பொருள்களைப் பொறுத்தவரை வட அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றுவதால், சொந்த உபயோகத்துக்காக அங்கே கடையில் வாங்கி நீங்களே எடுத்து வரும் சாமான்களுக்கு இங்கே சுங்கமோ கூடுதல் வாட் வரியோ கிடையாது. லண்டனிலிருந்தோ லிவர்பூலிலிருந்தோ வருபவர்களுக்குத்தான் வரியில்லாமல் 430 யூரோ வரை மட்டும் என்ற வரம்பு முதலியவை பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் பலர்.

இனி விலை. இங்கே வாட் வரி பெரும்பாலான பொருள்களுக்கு 23 சதவீதம், அங்கே 20 சதவீதம். மூன்று சதவீதம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் அதுவும் இல்லை. வரிக்கு முந்திய விலை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், இங்கே 123 யூரோவுக்கு விற்கும் பொருள் அங்கே 120 யூரோவுக்கு விற்கும். அதாவது நூற்றுக்கு இரண்டரை யூரோகூட முழுதாக மிஞ்சாது. 300 யூரோ டேப்லெட்டில் வரியால் வரும் இலாபம் ஏழு யூரோ சொச்சம். மரம், விளக்கு, பொம்மை, சாக்லேட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

உங்கள் பட்டியலில் வரி உண்மையாகவே வேலை செய்யும் இடம் மகளின் துணிதான். குழந்தைகளின் உடைக்கு இரண்டு பக்கமும் வாட் வரி இல்லை. ஆனால் குழந்தை என்பதற்கு இங்கே 11 வயதுக்கு உட்பட்டவர் என்றும், அங்கே 14 வயதுக்கு உட்பட்டவர் என்றும் கோடு போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்காரிக்கு ஏற்ற அளவில் ஒரு குளிர்காலக் கோட்டு இங்கே வாங்கினால் 23 சதவீதம் வரி, அங்கே வாங்கினால் வரியே இல்லை. விலையில் ஏறத்தாழ 18.7 சதவீதம் குறைய வாய்ப்புண்டு. உங்கள் மகனின் துணிக்கு இந்தச் சலுகை இரண்டு பக்கமும் சமம் என்பதால், அதற்காக எல்லையைத் தாண்டுவதில் பொருளில்லை. கேக்கிலும் சிறிது வேறுபாடு உண்டு: இங்கே 13.5 சதவீதம், அங்கே வரி இல்லை. வேடிக்கையாக ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். அலங்காரமோ வாசனையோ இல்லாத, உருளை வடிவ வெள்ளை மெழுகுவர்த்திக்கு இங்கே வரி இல்லை, அங்கே 20 சதவீதம். எனவே கிறிஸ்துமஸ் இரவில் சன்னலில் ஏற்றும் மெழுகுவர்த்தியை லூக்கனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மதுவில்தான் கதை மாறியிருக்கிறது. 2022 ஜனவரி 4 முதல் இங்கே ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 சென்ட் என்ற குறைந்தபட்ச விலை நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 12.5 சதவீத வைன் பாட்டிலை 7.40 யூரோவுக்குக் கீழும், 40 சதவீதச் சாராயம் உள்ள 700 மில்லி பாட்டிலை ஏறத்தாழ 22 யூரோவுக்குக் கீழும் விற்க முடியாது. வடக்கே அத்தகைய தளவிலை இல்லை என்பதால் மலிவு ரகங்களில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் நண்பர்களுக்குக் கொடுக்கும் தரத்தில் உள்ள விஸ்கி இங்கேயே அந்தத் தளவிலைக்கு மேல்தான் விற்கிறது. அதன்மேல் இந்தச் சட்டத்தின் கை படுவதே இல்லை. வைனிலும் பழைய நினைப்பு இனிச் செல்லாது. இங்கே ஒரு பாட்டிலுக்குக் கலால் வரி 3.19 யூரோ. பிரிட்டனில் அது வெகுகாலம் குறைவாகவே இருந்தது; 2025 பிப்ரவரியில் ஏற்றிய பிறகு 12.5 சதவீத வைனுக்கு ஏறக்குறைய 2.77 பவுண்டு ஆகிவிட்டது. ஒரு யூரோ 87 பென்ஸ் என்று வைத்தால் அப்போதே இரண்டும் ஒன்றாகிவிட்டன! அளவைப் பற்றிக் கவலை வேண்டாம்: சொந்த உபயோகம் என்பதற்கு அடையாளமாக 90 லிட்டர் வைன், 10 லிட்டர் சாராய வகை, 110 லிட்டர் பீர் வரை கணக்கில் கொள்கிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு வாங்கி வந்து பணம் பெற்றுக்கொண்டால் அது சொந்த உபயோகம் ஆகாது.

இத்தனையையும் கூட்டினால் உங்கள் 1,000 யூரோவில் வரியால் மட்டும் மிஞ்சுவது ஐம்பது யூரோவை ஒட்டித்தான் இருக்கும் என்பது என் மதிப்பீடு. போகவர சுமார் 220 கிலோமீட்டருக்கான பெட்ரோல், லூக்கனிலிருந்து வடக்கே ஏறும்போதே எம் 50 சாலைக் கட்டணம், ட்ரொஹெடா அருகே எம் 1 கட்டணம், திரும்பும்போது மறுபடியும் இவை இரண்டும், ஐந்து பேருக்கு மதியச் சாப்பாடு என்று கழித்துக்கொண்டே வாருங்கள். எம் 50 கட்டணத்தை மறுநாள் இரவு எட்டு மணிக்குள் கட்ட மறந்தால் அபராதமும் சேரும். எனவே கடைகளின் தள்ளுபடி விலை பெரிதும் வேறுபட்டால்தான் பயணம் கட்டும். அதை வீட்டிலிருந்தே இரண்டு பக்கத்து இணையதளங்களிலும் பார்த்துவிடலாம்.

பணம் செலுத்தும் இடத்தில் ஒரு சிறு கண்ணி உண்டு. யூரோவில் கட்டுகிறீர்களா, பவுண்டில் கட்டுகிறீர்களா என்று கார்டு இயந்திரம் கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுங்கள். யூரோ என்றால் அவர்கள் விருப்பப்படி வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும். உங்கள் வங்கி அன்னியச் செலாவணிக் கட்டணம் பிடிக்குமா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

டண்டாக் பழைய ஆள் எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. சகோதரி கடைசியாகக் குறிப்பிட்ட உறுத்தலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் டண்டாக்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு 2008 டிசம்பரைக் கண்ணால் கண்டவன் நான்.

அந்த ஆண்டு டிசம்பர் 1 ஆம் தேதி, ஒரே நாளில், அயர்லாந்து வாட் வரியை 21 இலிருந்து 21.5 சதவீதமாக ஏற்றியது, பிரிட்டன் 17.5 இலிருந்து 15 ஆகக் குறைத்தது. அதே சமயம் பவுண்டும் சரிந்துகொண்டே வந்து ஆண்டு முடிவில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 98 பென்ஸ் என்ற நிலைக்கு வந்துவிட்டது. தெற்கிலிருந்து போன கார்கள் நியூரிக்குள் நுழைய முடியாமல் நெடுஞ்சாலையிலேயே வரிசையில் நின்றன. அந்தக் கார்கள் அத்தனையும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயின. வடக்கே போய் வாங்குபவர்கள் பிரிட்டிஷ் அரசிக்கு வரி கட்டுகிறார்கள் என்ற கருத்தில் அன்றைய நிதியமைச்சர் பிரையன் லெனிஹன் பேசியது பெரிய வாக்குவாதமாயிற்று. எங்கள் கடையில் கிறிஸ்துமஸுக்கென்று சேர்க்கும் தற்காலிக ஆட்களை அந்த ஆண்டு சேர்க்கவே இல்லை. தை மாதத்தில் இருந்தவர்களிலும் இருவரை அனுப்பிவிட்டார்கள்.

அரசு இதைத் தடுக்கப் பார்த்ததும் புதிதல்ல. 1987 இல், 48 மணி நேரமாவது வெளியே தங்கி வந்தவர்களுக்குத்தான் வரியில்லாச் சலுகை என்று ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். 1990 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்று கூறிவிட்டது. 1993 இல் ஒற்றைச் சந்தை வந்ததும் எல்லையின் சுங்கச் சாவடிகளே எடுக்கப்பட்டன. 2009 டிசம்பர் பட்ஜெட்டில் மதுவின் கலால் வரியைக் குறைத்தார்கள், அதுதான் பலித்தது என்று சொல்ல வேண்டும். விலை மலிவான இடத்துக்குப் போகாதே என்று மக்களிடம் சொல்லி எந்த அரசும் வென்றதில்லை.

ஆனாலும் என் எண்ணத்தை மறைக்கப்போவதில்லை. மகளின் துணிக்காக நீங்கள் நியூரிக்குப் போவதில் தவறேதும் இல்லை, அந்த ஊரிலும் மனிதர்கள்தாம் கடை வைத்திருக்கிறார்கள். பவுண்டு ஏறும்போது அவர்கள் இங்கே வருகிறார்கள், இறங்கும்போது நாம் அங்கே போகிறோம். ஏழு யூரோ இலாபத்துக்காக டேப்லெட்டை அங்கே வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளித் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு நாம் போய் நிற்பது நம் தெருவிலுள்ள கடையின் வாசலில்தான்.

நியூரிக்குப் போவதென்றே முடிவானால் டிசம்பர் 8 ஆம் தேதியைத் தவிருங்கள். மாசற்ற அன்னையின் திருநாளான அன்று கிராமத்தார் பள்ளிக்கு விடுமுறை விட்டு டப்ளினுக்குப் பொருள் வாங்கப் போவது முற்காலத்து வழக்கம். இன்று அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி வடக்கே திரும்பிவிடுகிறது.

ஸ்டாம்ப் நான்கு எழுதியது:

இவ்வளவு எழுதியும் ஒருவரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சகோதரி, உங்கள் வீட்டில் யாரிடம் எந்த பாஸ்போர்ட் இருக்கிறது? சாலையில் பலகைகூட ஒழுங்காக இல்லாத எல்லை என்றாலும் அது ஐக்கிய இராச்சியத்தின் எல்லை. அயர்லாந்து, பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு, இங்கே ஐஆர்பி என்னும் குடியிருப்பு அட்டை எத்தனை ஆண்டுகளுக்கு இருந்தாலும், வட அயர்லாந்துக்குள் நுழையப் பிரிட்டிஷ் விசா வேண்டும்.

லூக்கன் குடும்பத்தலைவி எழுதியது:

இதைப் படித்ததும் திகைத்துப்போனேன். கணவரும் குழந்தைகள் இருவரும் அயர்லாந்துக் குடிமக்கள். நான் மட்டும் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில், ஸ்டாம்ப் நான்கு என்ற குடியிருப்பு அனுமதியில் இருக்கிறேன். எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை என்று எல்லோரும் சொல்வதால், அனுமதியும் தேவையில்லை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். மாமியாரின் விசாவைப் பார்த்தேன். அதில் பிஐவிஎஸ் என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

ஸ்டாம்ப் நான்கு எழுதியது:

நிறுத்தமாட்டார்கள் என்பதும் போகலாம் என்பதும் ஒன்றல்ல. சாலையில் நிரந்தரச் சோதனை இல்லை, உண்மைதான். ஆனால் பேருந்திலும் ரயிலிலும் திடீரென்று ஏறி அட்டையைக் கேட்பதுண்டு. வடக்கே காரில் ஒரு சிறு விபத்து நேர்ந்து காவலர் வந்து பெயரும் ஊரும் விசாரித்தாலே போதும், விசா இல்லாமல் நுழைந்தது வெளிவந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி அகப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அதற்குப் பின் எந்த நாட்டு விசா விண்ணப்பத்திலும், உங்களை எங்காவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதிவிட்டு விளக்கக் கடிதமும் இணைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தால் ஒரு கோட்டுக்காக அந்த அபாயத்தை மேற்கொள்ளாதீர்கள். கடைக்குப் போவதற்கென்றே விசா எடுத்தால், அந்தக் கட்டணத்திலேயே கணக்குப்பிள்ளை சொன்ன ஐம்பது யூரோ கரைந்துபோகும்.

உங்கள் மாமியாரின் நிலைமை வேறு. பிஐவிஎஸ் என்பது பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் விசாத் திட்டம். இந்தியாவில் விண்ணப்பித்துக் குறுகிய காலப் பயணமாக வருபவர்களின் விசாவில் அந்தக் குறிப்பு இருந்தால், விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைந்த பிறகு, தங்குவதற்குத் தந்த காலத்துக்குள் மற்ற நாட்டுக்கும் அதே விசாவில் போய் வரலாம். அம்மா முதலில் டப்ளினில் இறங்கினார்கள் என்றால் நியூரிக்குத் தாராளமாகப் போகலாம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பது ஆண்டு இங்கே வரி கட்டிய நீங்கள் போக முடியாது, மூன்று மாதத்துக்கு வந்தவர்கள் போகலாம்! ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். நானும் பல இடங்களில் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

வெடியையும் விட்டுவிடாமல் சொல்கிறேன். உரிமம் இல்லாமல் வெடி வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். 10,000 யூரோ வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வடக்கே கம்பி மத்தாப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு அங்கேயும் உரிமம் வேண்டும். மகனிடம் நாகர்கோவில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விசாவை நான் யோசிக்கவே இல்லை. குடியுரிமை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆனதால் மறந்தே போயிற்று. மன்னிக்கவும்.

டேப்லெட்டைப் பற்றி இன்னொரு செய்தி. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை இரண்டு பக்கமும் 30 நாள்களுக்கு உண்டு. ஆனால் நாம் டிசம்பர் தொடக்கத்தில் வாங்கிக் கட்டி வைத்துவிட்டு, 25 ஆம் தேதிதான் பெட்டியைப் பிரிப்போம். அதற்குள் முக்கால்வாசி நாள்கள் ஓடியிருக்கும். விடுமுறை முடிந்து ஒரு வேலை நாளில் மறுபடியும் நியூரிக்குப் போய் நிற்க யாரால் முடியும்? பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதற்காக மாற்றித் தர வேண்டும் என்று எந்தப் பக்கத்துச் சட்டமும் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது கடையின் விருப்பம். இரு பக்கமும் கிளை உள்ள கடையானால், வடக்கு ரசீதுக்கு டப்ளினில் மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

லூக்கன் குடும்பத்தலைவி எழுதியது:

நேரம் செலவழித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து பட்டியலைத் திருத்திவிட்டோம். டேப்லெட், மரம், விளக்கு, மகனின் துணி, வைன், விஸ்கி ஆகியவற்றை இங்கேயே வாங்கப்போகிறோம். பொம்மைகளை எங்கள் தெருமுனைக் கடையில் பார்ப்பதாக டண்டாக் அண்ணனுக்குச் சொல்லிக்கொள்கிறேன். மகளுக்கு ஒரு குளிர்காலக் கோட்டும் பள்ளிக்குப் போடும் காலணியும் ஆராதனைக்கு ஒரு நல்ல உடையும் தேவைப்படுவதால், கணவர், குழந்தைகள், மாமியார் ஆகிய நால்வரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை விடுப்பெடுத்துப் போய் வருகிறார்கள். கேக்கும் அங்கேயே.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. மகளுக்கு நான் எடுக்கும் துணி பிடிக்காது, அவள் அப்பா எடுக்கும் துணி எனக்குப் பிடிக்காது. கடையிலிருந்தே வீடியோ அழைப்பில் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விசாவில் உள்ள அந்த நான்கு எழுத்துகளை மாமியார் காலையிலிருந்து மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள். நாகர்கோவிலிலிருக்கும் அவர்கள் தங்கைக்கும் போன் போட்டு, மருமகளுக்கே கிடைக்காத அனுமதி தனக்குக் கிடைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.